மாத்திரையை நிறுத்திய பிறகு

கருத்தடை மாத்திரையை நிறுத்திய அடுத்த மாதமே எனக்கு நாள் தள்ளிப்போனது. கர்ப்பம் என்றே நினைத்தேன். அந்த நினைப்போடு இருந்த சில வாரங்களைப் போன்ற சந்தோஷம் அதற்கு முன்பும் எனக்கு வாய்த்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை. நடக்கும்போது பாதத்தை மெதுவாக எடுத்து வைத்தேன். என் கணவர் கோவிந்தன் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது தினமும் மாங்காய் வாங்கிவந்தார். எனக்கு மாங்காய் ஆசையே இல்லை. கர்ப்பிணி என்றால் மாங்காய் தின்பாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்காகத் தின்றேன்.

பிறகு தருமபுரியில் ஒரு லேபில் சிறுநீர் கொடுத்தேன். அங்கிருந்தவர் ஒரு கண்ணாடித் தகட்டில் மருந்துச் சொட்டை விட்டுக் கலந்து, வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க சிஸ்டர்."

"இன்னொரு தரம் பாருங்களேன். சில சமயம் தப்பாக் காட்டும்."

"ரெண்டு தரமும் பாத்துட்டனுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தேன். மாங்காய் வாங்க வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்பதே வழியெல்லாம் என் கவலையாக இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் நான் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் செவிலியாக வேலை பார்த்தேன். ஊர்களில் என்னை நர்சம்மா என்பார்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, போதும் என்று நினைக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை கொடுப்பது, ஆபரேஷனுக்கு அழைத்துப் போவது என் வேலை. கணவர் பாப்பாரப்பட்டிக் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். கல்யாணமானபோது நான் வேலையில் புதிது. அலைச்சலும் அதிகம். இரண்டு வருடம் போகட்டும் என்று நாங்கள் இருவரும் பேசித்தான் முடிவு செய்தோம். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே மாத்திரையை நானும் சாப்பிட்டேன். மாமியாரிடம் மட்டும் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் ஊர்களில் அதை மறைக்கவில்லை. "நானே சாப்பிடறன், எனக்கு ஒண்ணும் ஆவலையே" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. வயதுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. மூன்று மாதம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுப்பாள். தாடைக்குக் கீழே கரகரவென்று முடி முளைக்கும். அதை யாருக்கும் தெரியாமல் பிடுங்கிவிடுவேன். மாத்திரை சாப்பிட்ட இரண்டு வருடமும் மாதம் தவறாமல் வந்தது. என் உடம்பை மாத்திரை சரிசெய்துவிட்டது என்று எண்ணி நிம்மதியாக இருந்தேன். செவிலிப் படிப்புப் படித்தவளுக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

இப்போது வயிற்றில் பிள்ளையும் இல்லை, மாதவிலக்கும் இல்லை. மாதங்கள் போயின.

என் மாமியாருக்கு மாத்திரை விஷயம் அப்போதுதான் தெரிந்தது. அத்தை அடுப்படியில் இருந்தபடியே மகனைக் கூப்பிட்டார்.

"ஏன்டா கோயிந்தா, இவ ரெண்டு வருசமா என்னத்தடா தின்னுக்கிட்டு இருந்தா?"

"ரெண்டு பேரும் பேசித்தான்மா முடிவு பண்ணோம்."

"நீ பேசுனியா? ஆம்பளைக்கு என்னாடா தெரியும்? நெலத்துல உப்பக் கொட்டி வெச்சிட்டு இப்ப வெதச்சா மொளைக்குமா?"

நான் பக்கத்து அறையில் நின்றிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவர் சத்தமாகச் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு ஊருக்குப் போயிற்று. ஊரிலிருந்து நான் வேலை பார்க்கும் ஊர்களுக்கும் போயிற்று. மாதம்மா என்று ஒருத்தி இருந்தாள். நான்கு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிது. ஆபரேஷனுக்குப் பயந்தவள் என்பதால் நான்தான் அவளுக்கு மாத்திரை கொடுத்துவந்தேன். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது மாத்திரை அட்டையை வாங்கக் கையையே நீட்டவில்லை.

"வேண்டாங்க நர்சம்மா, எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஏன் மாதம்மா, தலை சுத்துதா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குத்தான் இதத் தின்னு வயிறு அடைச்சிப் போச்சாம், சொல்றாங்க. எனக்கும் உள்ள கட்டிகிட்டி வந்துட்டா இதுங்கள யாருங்க பாக்கறது?"

அவள் அதைத் திட்டுவதுபோலச் சொல்லவில்லை. எனக்காகப் பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள். சில மாதங்கள் கழித்து அவளே துணை நிலையத்துக்கு வந்தாள், தடுப்பூசி போட்டுக்கொள்ள. ஐந்தாவதாக நின்றிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட் கையை ஏற்றிக்கொண்டு அழுதாள். "உங்க பேச்சக் கேட்டிருக்கலாங்க" என்றாள். ஊசியைக் கையில் பிடித்தபடி நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக அழுகிறோம் என்று அவள் நினைத்திருப்பாள். வேண்டாம் என்கிறவளுக்கு நிற்கிறதே என்ற பொறாமையில்தான் நான் அழுதேன். நல்லவேளை, அவளுக்கு ஆஸ்பத்திரியில் சிக்கலில்லாமல் பிரசவம் ஆனது. அன்றே ஆபரேஷனும் செய்துகொண்டாள்.

அதற்குள் நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய ஆரம்பித்திருந்தேன். முதலில் கருப்பையின் உள்தோலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் பிள்ளையில்லை என்று போகிறவளுக்கு முதலில் அதைத்தான் செய்தார்கள். பிறகு கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சேலத்துக்கு அனுப்பினார்கள். கருப்பைக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது அது. மருந்து உள்ளே ஏறும்போது அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போல இருந்தது. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். குழாயில் அடைப்பு இல்லை என்றார்கள். கணவரையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். எத்தனையோ ஆண்கள் அதற்கு வரமாட்டேன் என்று சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். இவர் சட்டையை மாற்றிக்கொண்டு பேசாமல் கிளம்பி வந்தார். அவரிடமும் குறையில்லை என்று முடிவு வந்தது.

"எம்மவன் மேல ஒண்ணும் இல்லேன்னு ஆயிப்போச்சி" என்றார் அத்தை. அந்த வாரமே கம்பைநல்லூரிலிருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்வந்தார். தம்பிக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காத்திருக்கும் அறையின் சுவரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம் மாட்டியிருக்கும். அதற்கு முதுகைக் காட்டி உட்கார இடம் தேடுவேன். வேறு என்னென்னவோ செய்தேன். தீர்த்தமலை ஏறி ஈரப்புடவையோடு நின்றேன். யாரோ சொன்ன வேரை அரைத்துக் குடித்து இரண்டு நாள் வாந்தியெடுத்தேன். குழந்தைகளுக்கு ஊசி போடும் நாட்களில் தாய்மார்கள் தங்கள் குழந்தையை என் கையில் கொடுப்பதற்குமுன் ஒரு நொடி தயங்குவதுபோல எனக்குத் தோன்றும். உண்மையாகவே தயங்கினார்களா, என் மனப்பிரமையா, தெரியாது. ஊசி போட்டதும் குழந்தையைச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிடப் பழகினேன்.

கடைசியில் பெங்களூருக்குப் போனோம். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் என்ற புது மெஷின் இருப்பதாகவும், வயிற்றைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும் என்றும் தருமபுரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் காலைப் பின்னிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. எனக்குப் பக்கத்தில் இருந்த கன்னடப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. "நகஸ்பேடி அக்கா, நகஸ்பேடி" என்று கெஞ்சினாள். சிரிக்க வைக்காதே அக்கா என்று அர்த்தம். சிரித்தால் பெஞ்சிலேயே போய்விடும். கண்ணில் தண்ணீர் வர இருவரும் அடக்கிக்கொண்டோம். அந்த வருடங்களில் நான் சிரித்தது என்று நினைவிருப்பது அது ஒன்றுதான்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் வயதானவர். தமிழ் நன்றாகப் பேசினார். எடுத்த எடுப்பில் அவர் கேட்ட கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை.

"மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உனக்கு மாசாமாசம் வந்துதாம்மா?"

"இல்லீங்க. மூணு நாலு மாசத்துக்கு ஒருக்காதான்."

"எப்பலேர்ந்து?"

"வயசுக்கு வந்ததுலேர்ந்தே."

என் தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் ஓரத்தில் முத்துக் கோத்தாற்போலச் சின்னச் சின்ன வட்டங்களாகப் போட்டார். "இது உன் முட்டைப்பை. ஒவ்வொரு மாசமும் இதுல ஒரு முட்டை முத்தி வெடிச்சு வெளியே வரணும். உனக்கு நிறைய முட்டை வளர ஆரம்பிக்குது, ஆனா ஒண்ணும் முத்தறதில்ல. பாதியில நின்னு நீர்க்கொப்புளமா ஓரத்துல தங்கிடுது. பாலிசிஸ்டிக் ஓவரின்னு பேரு. முட்டை வெளிய வரலேன்னா மாதவிலக்கும் ஒழுங்கா வராது, குழந்தையும் நிக்காது. முகத்துல முடி வர்றதும் இதனாலதான்."

"ஆனா மாத்திரை சாப்பிட்டப்ப ஒழுங்கா வந்துச்சிங்களே?"

"அது நிஜ மாதவிலக்கு இல்ல. ஒவ்வொரு அட்டையிலயும் மருந்து நிக்கற நாள்ல வர்ற உதிரப்போக்கு. அப்பவும் முட்டை வெளிய வரல."

"அப்ப மாத்திரையால இல்லீங்களா?"

"இல்லவே இல்ல. வியாதி முன்னாடியே உன்கிட்ட இருந்துது. மாத்திரை அதை மூடி வெச்சிருந்துது. நிறுத்தினதும் வெளிய தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

அறையைவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல இருந்தது. படியிறங்கி முடிப்பதற்குள் அது மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரைதான் காரணம் என்றால், அதன் விஷம் ஒருநாள் உடம்பைவிட்டு இறங்கும், அப்போது சரியாகிவிடும் என்று நம்ப இடம் இருந்தது. காரணம் நானே என்றால் எதை விட்டு எது இறங்கும்?

முட்டையை முத்தவைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். ஊசி போட்டு மாதவிலக்கை வரவழைத்து, அதிலிருந்து சில நாட்கள் அதைச் சாப்பிட வேண்டும். விடிந்ததும் படுக்கையைவிட்டு எழாமல் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும். மாதத்தின் நடுவில் சூடு கொஞ்சம் ஏறினால் முட்டை வெளிவந்ததாக அர்த்தம். கண்ணைத் திறக்கும் முன்பே அந்தக் கண்ணாடிக் குழாய் என் வாயில் இருக்கும். சூடு ஏறவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். உடம்பு திடீர் திடீரென்று எரிந்தது. காரணமில்லாமல் கோபம் வந்தது. டாக்டர் சொன்ன நாட்களில் கணவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, "இன்னிக்கா தெய்வானை?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். ஒரு காலத்தில் எங்களுக்குள் ஆசையாக இருந்தது வேலையாகிப்போனது. அவர் கேட்பதை நிறுத்தினால் போதும் என்றிருந்தது. நிறுத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

பல மாதம் பார்த்துவிட்டு டாக்டர் ஆபரேஷன் என்றார். வயிற்றைத் திறந்து, இரண்டு முட்டைப்பையிலும் ஆரஞ்சுச் சுளை போல ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்துவிடுவது. "இது ஏன் பலிக்குதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. நிறையப் பேருக்குப் பலிச்சிருக்கு. சிலருக்கு உள்ள ஒட்டிக்கிட்டுத் தொந்தரவாயிருக்கு" என்று ஒளிக்காமல் சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார். "வெட்டட்டும்" என்றேன். அன்றைக்குக் கையை வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் நீட்டியிருப்பேன். கணவர் தன் கடையிலிருந்த இரண்டு தையல் மெஷினில் ஒன்றை விற்றார். மிச்சமிருந்த மெஷினில் எனக்கு இரண்டு உள்பாவாடை தைத்தார். இடுப்பில் நாடா கட்டினால் தையல் போட்ட இடத்தில் உறுத்தும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாடாவே இல்லாமல், சின்னப் பிள்ளைகள் போடுவதுபோலத் தோளில் பட்டி வைத்துத் தைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அதைப் போட்டுக்கொண்டபோது பக்கத்துப் படுக்கைப் பெண்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள்.

மயக்கம் தெளிந்தபோது முதலில் கேட்டது குழந்தைகளின் அழுகை. பிரசவ வார்டு எதிரிலேயே இருந்தது. வயிற்றில் நெருப்பை வைத்துத் தைத்ததுபோல வலி. இருமினால் உயிர் போய்விடும் போலிருந்தது. தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லித்தந்தார் ஒரு சிஸ்டர். மற்ற வலிகளுக்கு ஊசி இருந்தது. எதிர் வார்டில் பால் கொடுக்கும் நேரத்துக்குத் திறக்கும் கதவுக்கு மருந்தே இல்லை. அங்கே ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்ப்பேன். தையல் விடாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஊசியில்லாமல், மருந்தில்லாமல் தானாக மாதவிலக்கு வந்தது. பிறகு மறுபடியும் வந்தது. துணியில் ரத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அழுதேன். அதற்குப்பின் ஒரு மாதம் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை ஒதுங்கப் போகும்போதும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திறந்து, துணியைப் பார்ப்பேன். ஒருநாள் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் வைக்கப்போனேன். பின்னால் வந்த அத்தை அதை என் கையிலிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான்காம் மாதம், ஒரு ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. என்னவென்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

தருமபுரிப் பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தி, தலை கீழே தாழும்படி படுக்கவைத்தார்கள். அசையக் கூடாது, எழக் கூடாது. தங்கினால் தங்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்த வார்டில் ஆண்கள் தங்க முடியாது. துணைக்கு வேறு யாரும் எனக்கு இல்லை. ஒரு பையில் துணியும் சோற்றுக்கு ஒரு தூக்குப் போசியும் எடுத்துக்கொண்டு அத்தை வந்து நின்றார். எனக்கு உடம்பெல்லாம் குறுகிப்போனது. இவரிடமா நான் பெட்பேன் கேட்பது?

கேட்க வேண்டியிருக்கவில்லை. என் முகம் மாறுவதைப் பார்த்தே எடுத்து வைத்தார். அவரே கொண்டுபோய்க் கழுவினார். படுத்தபடி சாப்பிடத் தெரியாமல் நான் புரையேறித் தவித்தபோது, சோற்றை நன்றாகப் பிசைந்து சின்ன உருண்டையாக வாயில் வைத்தார். ரத்தக்கறைத் துணிகளை வெளிக்குழாயில் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவருவார். ஆயா ஒருத்தி, "மவளுங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார், விளக்கம் சொல்லச் சலித்துக்கொண்டு.

"கால அசைக்காத" என்பார் அடிக்கடி. ஒருநாள் ரத்தம் குறைந்திருந்தது. துணியைப் பார்த்துவிட்டு, "இப்பிடியே படுத்துக்கிட்டு இரு கண்ணு. கெட்டியாப் புடிச்சிக்கும்" என்றார். கண்ணு என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவரைவிட எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஒரு மத்தியானம் இடுப்பில் வலி எடுத்தது. பிரசவம் பார்த்த கை எனக்கு. விட்டுவிட்டு வரும் அந்த வலி என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அத்த, சிஸ்டரக் கூப்புடுங்க" என்றேன். அவர் ஓடிப்போய் அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை கத்தியது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

"போனது போவட்டும் தாயி. இவளக் காப்பாத்திக் குடுங்க. இவ எனக்கு வேணும்."

வெளியே உட்கார்ந்திருந்த கணவரின் ரத்தம் சேர்ந்தது என்று எடுத்து ஏற்றினார்கள். உள்ளே மிச்சம் மீதியைச் சுத்தம் செய்தார்கள். கண் விழித்தபோது அத்தையின் புடவைத் தலைப்பு கிழிந்திருந்ததைப் பார்த்தேன். வெளியே வந்த சின்ன உடலை ஆயா தட்டில் எடுத்துப்போக அவர் விடவில்லையாம். தலைப்பைக் கிழித்துச் சுற்றி மகன் கையில் கொடுத்து, "நம்ம நெலத்துல கொண்டுபோயி வை" என்று அனுப்பியிருக்கிறார். ஆணா பெண்ணா என்று நான் கேட்டேன். "தெரியல" என்றார். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நான் திரும்பக் கேட்கவில்லை. அப்போதும் அவர் கண்ணில் தண்ணீர் வரவில்லை. நான் தலையணை நனைய அழுதேன். அவர் எழுந்துபோய்த் துணி அலசினார்.

அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து மறுபடியும் பெங்களூர் போனேன். இன்னொரு தடவை வெட்டச் சொல்லிக் கெஞ்சினேன். முட்டைப்பையைச் சுற்றி எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இனி கத்தி வைப்பது உனக்கு நான் செய்யும் துரோகம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். எனக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேராது. அதே வார்டில் அதே ஆபரேஷன் செய்துகொண்டு பிள்ளை பெற்றவர்கள் உண்டு. மாத்திரை இதற்குக் காரணமில்லை என்பதை நான் போகிற இடத்திலெல்லாம் என் உடம்பையே காட்டிச் சொன்னேன். பலர் நம்பினார்கள். அத்தை மட்டும் கடைசிவரை நம்பவில்லை. மாத்திரைதான் என் வயிற்றைக் கெடுத்தது என்றே எண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ஆனால் நான் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. கரு கலைந்து தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உள்ளே பாயில் படுத்திருந்தேன். எழுந்து நின்றால் தலை சுற்றியது. கம்பைநல்லூரிலிருந்து அத்தையின் தம்பி வந்தார். பழமும் வெற்றிலைப் பாக்கும் வைக்க அவர் தட்டு கேட்டது என் காதில் விழுந்தது. கணவர் கடையில் இருந்தார்.

"ஒடம்பு எப்பிடி இருக்குது அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மழை, நிலக்கடலை என்று பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். கேட்கத்தான் செய்தது. "இனிமே எதுக்கக்கா யோசன? நீதான வந்து சொன்ன. பொண்ணு சம்மதிச்சிட்டா. இந்தப் பொண்ணத் தள்ளி வெக்கச் சொல்லல. அதுபாட்டுக்கு அதும் இருக்கட்டும், உத்தியோகம் இருக்குது. இந்த வூட்டுக்கு ஒரு புள்ள வேணுமில்ல?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னது நியாயம் என்றே பட்டது. அத்தை சரி என்றால் நானும் சரி என்று சொல்லிவிடுவது என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

அத்தை டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

"நான்தான் வந்து சொன்னன். இல்லேங்கல. இப்ப நானே வேண்டாங்கறன்."

"என்னாக்கா இப்பிடிப் பேசற?"

"அவ ரத்தத்த இந்தக் கையால அள்ளுனவடா நான். ஒனக்கு அதெல்லாம் புரியாது. எம்பேரன நான் பாத்துட்டன். சுத்திக் குடுத்தனுப்புனவளே நான்தான். ஒம்பொண்ணுக்கு வேற நல்ல எடமாப் பாரு. காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்பு."

பேரன் என்று அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

தம்பி கோபித்துக்கொண்டு, கொண்டுவந்த பழத்தைக்கூடத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அத்தை கஞ்சியோடு உள்ளே வந்தார். நான் விழித்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"என்னாடி பாக்கற? ஒனக்காவ ஒண்ணும் சொல்லல. இன்னொருத்திய ஆஸ்பத்திரியில வெச்சிப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பாயிலேயே உட்கார்ந்தார். அத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு விடாதவர், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.